அறுபது கேஸ், முப்பத்தெட்டுப் பக்கம்

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் அந்த முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் லாக் புக் என்று ஒன்று இருந்தது. எம்.டி. படிக்கும் டாக்டர்கள் மூன்று வருடத்தில் எந்த நோயாளியைப் பார்த்தார்கள், எந்த ஊசியை எங்கே குத்தினார்கள் என்று அதில் எழுதி வைப்பார்கள். அதாவது, எழுதி வைக்க வேண்டும். யாரும் எழுதுவதில்லை என்று கண்டுபிடித்த நிர்வாகம் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி நான்கு முறை கூடி, நான்கு முறையும் பிரியாணி சாப்பிட்டு, லாக் புக்கின் பெயரைப் போர்ட்ஃபோலியோ என்று மாற்றியது.

கூடவே ஒரு புதுக் கட்டத்தையும் சேர்த்தது. ஒவ்வொரு கேஸுக்கும் கீழே ‘ரிஃப்ளெக்ஷன்’ என்று ஒரு பக்கம். இந்த நோயாளியிடமிருந்து நான் கற்றது என்ன, அடுத்த முறை எதை வேறு மாதிரி செய்வேன் என்று டாக்டர் மனம் திறந்து எழுத வேண்டும். முப்பது மணி நேரம் ட்யூட்டி பார்த்துவிட்டு வருகிற ஒருவரிடம் மனம் என்று ஒன்று மிச்சமிருக்குமா என்பது கமிட்டியின் விசாரணை வரம்புக்குள் வரவில்லை.

கமிட்டியின் தலைவர் மெடிசின் யூனிட் சீஃப் டாக்டர் சத்யநாராயணன். அவருடைய பட்டங்கள் எல்லாம் சேர்ந்து பெயர்ப்பலகை கதவைவிட அகலமாகிவிட்டதால், கடைசி இரண்டு பட்டங்களுக்குத் தனிப் பலகை செய்து பக்கத்துச் சுவரில் அடித்திருந்தார்கள். கதவைத் திறந்தால் அவர் படிப்பு பாதியில் நின்றுவிடும். விதி நாற்பது ரிஃப்ளெக்ஷன் போதும் என்றது. சத்யநாராயணன் தன் யூனிட்டுக்கு அறுபது என்றார்.

அந்த யூனிட்டில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் ஜெரூஷாவுக்குச் சேலையூரில் வீடு, வயது இருபத்தொன்பது. வேலையில் குறை சொல்ல முடியாது. கேஸ்களை எல்லாம் பார்த்திருந்தாள். வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்திருந்த குட்டி டைரிகளில் கிறுக்கியும் வைத்திருந்தாள். ஏழு டைரி. அவற்றை அறுபது பக்கமாக எழுதத்தான் நேரமில்லை. ஜூன் மாதம் இறுதித் தேர்வு. போர்ட்ஃபோலியோவில் ‘தகுதி உண்டு’ என்று முத்திரை விழாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று ஜூலை வரைதான் அவளுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. அங்கே மெடிசினுக்கு வேறு டாக்டரே இல்லை.

ஆகவே எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் சிட்டிபாபுவின் டிடிபி கடை இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், இன்ஜினியரிங் மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், காது குத்து அழைப்பிதழ் எல்லாம் அங்கே ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வரும். ஜெரூஷா அறுபது கேஸின் தேதி, வயது, நோய் எல்லாவற்றையும் பட்டியலாகக் கொடுத்தாள்.

“ரிஃப்ளெக்ஷன் நீங்க எழுதினு வர்றீங்களா, நாங்களே போட்டுறட்டுமா டாக்டர்?” என்று கேட்டார் சிட்டிபாபு. “நம்ம கையில ஸ்டாக் கீது. இங்கிலீஷ் கும்முனு இருக்கும்.”

ஜெரூஷா ஒரு நிமிடம் யோசித்தாள். அந்த ஒரு நிமிடத்தில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள் என்பதுதான் உண்மை. விழித்ததும், “போட்டுடுங்க அண்ணா” என்றாள்.

சனிக்கிழமை சத்யநாராயணன் கையெழுத்துப் போட்டார். அறுபது பக்கத்துக்குப் பதினொரு நிமிடம், நடுவில் ஒரு போன்கால் உட்பட. ஒவ்வொரு பக்கத்திலும் ‘மாணவியுடன் விரிவாக விவாதிக்கப்பட்டது. நன்று’ என்ற ரப்பர் ஸ்டாம்ப். அதன் கீழே பச்சை மையில் கையெழுத்து.

திங்கட்கிழமை மத்தியானம் வார்டு சிஸ்டர் தபீதாள் அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருட சர்வீஸ், மூக்கு நுனியில் கண்ணாடி. அந்த ஆஸ்பத்திரியில் எழுதியதைப் படிக்கும் பழக்கம் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

“டாக்டர், இருபத்து மூணாம் பக்கத்துல ஒரு டவுட்டு. இது நம்ம இரும்புலியூர் தாத்தாதானே? மூச்சுத் திணறலோட வந்தாரே?”

“ஆமா சிஸ்டர்.”

“அவருக்கு ஓனர் யாரு?”

“என்னது?”

சிஸ்டர் விரல் வைத்துப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் இப்படி வரும்: “‘நோயாளியை இரண்டு உதவியாளர்கள் பின்புறமிருந்து பிடித்துக்கொண்டனர். சிகிச்சைக்குப் பின் உரிமையாளருக்கு அறிவுரை கூறப்பட்டது.’ அவர் ரயில்வேல ரிட்டையர் ஆனவரு. ஓனர்னு வீட்டம்மாவைச் சொல்றீங்களோன்னு நினைச்சேன். அதுவும் நியாயந்தான்.”

ஜெரூஷா புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு டிபி நோயாளியை மந்தையிலிருந்து பிரித்து வைக்கும்படி அவள் பரிந்துரை செய்திருந்தாள். நாற்பத்து நான்கில், சிகிச்சை தொடங்கிய ஐந்தாம் நாள் பால் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பியது கண்டு அவள் மனநிறைவு அடைந்திருந்தாள்.

“இது யாரு, நாற்பத்து நாலு?” என்றார் சிஸ்டர்.

“லாரி டிரைவர்.”

“நல்ல வேளை, தேறிட்டாரு.”

சாயங்காலம் அவள் சீஃப் அறைக்குப் போய் அந்த மூன்று பக்கங்களையும் மேஜையில் விரித்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சத்யநாராயணன் முதலில் நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல குரல் அவருக்கு. மருத்துவம் ஒரு தவம் என்ற இடத்துக்கு வந்தபோது கண் தற்செயலாக நாற்பத்து நான்காம் பக்கத்தின் அடியில் இருந்த பச்சை மையில் போய் விழுந்தது. ‘விரிவாக விவாதிக்கப்பட்டது.’ தவம் அங்கேயே கலைந்தது.

“இது டைப்பிங் மிஸ்டேக்” என்றார்.

“பக்கம் முழுக்கவா சார்?”

“இங்க பாரும்மா, போர்ட்ஃபோலியோவைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை வெளியிலேர்ந்து வர்ற அசெஸ்ஸர் கனத்தைப் பார்ப்பார், பைண்டிங்கைப் பார்ப்பார். யாரும் உட்கார்ந்து படிக்கப் போறதில்லை. நானே படிக்க...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

“நான் மறுபடி எழுதிடறேன் சார். ரெண்டு நாள் லீவு வேணும்.”

மூன்று வருடத்தில் அவள் கேட்ட முதல் லீவு அது. மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. மிரட்டல்தான் கிடைத்தது. “எழுது. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“ரொம்ப நல்லது சார்” என்றாள் ஜெரூஷா. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை மேலும் உறுத்தியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போதே ஏழு டைரியுடன் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்ட சிட்டிபாபு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஐயையோ, பேஜாரா பூட்சே. போன வருசம் ஒரு பையன் வந்தான் டாக்டர். டாக்டருக்குப் படிக்கிறேன்னான். ‘பேஷன்ட், பேஷன்ட்’னுதான் எழுதினு வந்தான். ஒரு எடத்துல கூட மாடுன்னு எழுதல.”

“கால்நடை டாக்டர்னு சொல்லலையா?”

“நான் இன்னாத்த கண்டேன்? வெள்ளைக் கோட்டு, கழுத்துல ட்யூப்பு. அதுலேர்ந்து எத்தினி டாக்டருங்களுக்குப் போட்டுக் குடுத்துக்கீறேன் தெரிமா? எல்லாரும் பாசாயிட்டாங்க.” சொல்லிவிட்டு, எத்தனை பேர் என்று மனசுக்குள் எண்ணி, எண்ணிக்கையை வெளியே சொல்லாமல் கம்ப்யூட்டரை ஆன் செய்தார். “நீ சொல்லு டாக்டர், நான் அடிக்கிறேன். ரெண்டு நாளைக்கு வேற வேலை எடுக்கல.”

ஜெரூஷா முதல் டைரியைப் பிரித்தாள். தேதி, வயது, நோய். பிறகு ரிஃப்ளெக்ஷன் என்ற இடம் வந்ததும் வாய் தானாகவே சொன்னது: “இந்த கேஸ் எனக்கு மிகச் சிறந்த கற்றல் அனுபவமாக அமைந்தது.”

சிட்டிபாபு அடிக்கவில்லை. “இத்தான் எல்லாரும் சொல்றாங்க. அந்தாளு இன்னா ஆனாரு?”

“எந்த ஆளு?”

“இந்த ஐம்பத்தெட்டு வயசுக்காரரு.”

ஜெரூஷா டைரியைப் பார்த்தாள். கிறுக்கலுக்குப் பக்கத்தில் ‘மகள் – வாசல்’ என்று எழுதியிருந்தது. அது எதற்கு என்று நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தது. “போயிட்டார். மகள்கிட்ட நான் வாசல்லயே நின்னுக்கிட்டுச் சொல்லிட்டேன். உட்காரக்கூடச் சொல்லலை.”

“அத்த எழுதலாமா?”

“எழுதுங்க. அடுத்த முறை உட்கார வச்சுச் சொல்லணும்னு போடுங்க.”

அப்படித்தான் போயிற்று. சிட்டிபாபு ஒவ்வொரு ஆளுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டார். வீட்டுக்குப் போனாரா, யார் கூட வந்தாங்க, அப்பால இன்னா பண்ணீங்க, அதை ஏன் மொதல்லயே பண்ணல? கமிட்டி நான்கு கூட்டம் போட்டு யோசித்த கேள்விகளை அவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார். நடுவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு அம்மாள் பதினாறாம் கேஸ் முடியும் வரை நின்று கேட்டுவிட்டு, “சர்க்கரை இருந்தா கால்ல செருப்பு பார்த்துப் போடணும்னு அதையும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினார்கள்.

இருபத்தேழாவது கேஸ், திருமுடிவாக்கம் பட்டறை ஒன்றில் வேலை செய்த வெல்டர். நாற்பத்தொரு வயது, விடாத காய்ச்சல். வைரல் என்று ஜெரூஷா எழுதினாள், வைரல் என்று சீஃபும் சொன்னார். மூன்றாம் நாள் ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்ட தபீதாள் சிஸ்டர், இடது அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பூச்சி கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சல். மாத்திரையை மாற்றினார்கள், இரண்டு நாளில் ஜுரம் விட்டது.

“அப்ப மூணு நாளா யாரும் சட்டையக் கயட்டிப் பாக்கலியா?” என்றார் சிட்டிபாபு.

“பார்க்கலை.”

“பெரிய டாக்டரும்?”

“அவரும்.”

“இன்னா எழுதட்டும்?”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பொருக்கின் போட்டோவைப் போட்டு சத்யநாராயணன் கிண்டி ஹோட்டல் ஒன்றில் டாக்டர்கள் மாநாட்டில் உரையாற்றியிருந்தார். உரையின் தலைப்பு: ‘பிறர் காணாததைக் காணும் கண்’. கண் யாருடையது என்பதில் சபைக்கு எந்தச் சந்தேகமும் வராதபடி பேசியிருந்தார்.

ஜெரூஷா கடை வாசலில் போகிற ஷேர் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில் கையெழுத்து விழாவிட்டால் ஜூன் தேர்வு போய்விடும். பக்கத்தையே விட்டுவிடலாம். ஆனால் மூன்று வருடத்தில் அவள் உண்மையாகவே ஏதாவது கற்றுக்கொண்ட கேஸ் என்றால் அது இதுதான். அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றாமல் அவள் ஒருவரையும் பார்த்ததில்லை.

“நடந்ததை எழுதுங்கண்ணா” என்றாள்.

புதன்கிழமை கடை மூடும்போது முப்பத்தெட்டுப் பக்கம் தேறியது. மீதி இருபத்திரண்டு கேஸுக்கு டைரியில் பெயர்கூடச் சரியாக இல்லை. நினைவில்லாததை எழுத அவளுக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

வியாழக்கிழமை சத்யநாராயணன் கேட்ட முதல் கேள்வி முப்பத்தெட்டைப் பற்றியதல்ல. “அந்தப் பழைய பக்கங்கள் எங்கே?”

“என்கிட்ட இருக்கு சார்.”

“எத்தனை காப்பி?”

அவர் என்ன நினைக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பையைத் திறந்து, பச்சை மையில் அறுபது கையெழுத்துள்ள அந்த ஸ்பைரல் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இது ஒண்ணுதான் சார். கடையில ஃபைலையும் அழிச்சாச்சு. நீங்க வச்சுக்குங்க.”

அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிய பிறகு, கேட்பதற்கு அவருக்கு எதுவும் இல்லை. சாக்குச் சொல்ல வழியும் இல்லை. படிக்கிறேன் என்று சொன்னவர் அவர்தான். படிக்க ஆரம்பித்தார்.

முதல் ஐந்து பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்தார். ஆறாவதில், “இந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். அதன் பிறகு வேகம் குறைந்தது. வெளியே ஓ.பி.யில் நோயாளிகள் காத்திருந்தார்கள். அட்டெண்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, சீஃப் ஏதோ படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு கலவரமடைந்து கதவைச் சாத்தினார்.

இருபத்தேழாம் பக்கத்தில் பேனா நின்றது.

“‘வார்டு சிஸ்டர் கண்டுபிடித்தார்’னு இருக்கே. ‘டீம் கண்டுபிடித்தது’ன்னு போடலாமே ஜெரூஷா. டீம் ஸ்பிரிட்.”

“டீம்ல நானும் நீங்களும் பார்க்கலையே சார்.”

அந்த நேரம் பார்த்து தபீதாள் சிஸ்டர் டிஸ்சார்ஜ் ஃபைல்களோடு உள்ளே வந்தார். சீஃப் அவரைப் பார்த்து, “சிஸ்டர், அந்த வெல்டர் கேஸ். பொருக்கு. யார் முதல்ல பார்த்தது, ஞாபகம் இருக்கா?” என்றார். மறந்திருப்பார் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் நன்றாகத் தெரிந்தது.

“நான்தான் சார். சொன்னதும் நீங்ககூட ‘குட்’னு சொன்னீங்களே. முப்பது வருசத்துல எனக்குக் கிடைச்ச முதல் குட். மறப்பேனா?” என்றார் சிஸ்டர். ஃபைல்களை வைத்தார். “இதுலயும் கையெழுத்து வேணும் சார். படிக்க வேண்டியதில்லை.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஜெரூஷா சொல்ல வேண்டியதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஜூன், ஜூலை, மலையடிவாரம் எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தது.

சத்யநாராயணன் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். பிறகு அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘மேற்பார்வையாளர் குறிப்பு’ என்ற கட்டத்தில் கையால் எழுதினார். மருந்துச் சீட்டுக் கையெழுத்தாக இல்லாமல் படிக்கும்படி இருந்தது: ‘நானும் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை.’ கீழே கையெழுத்து. நிமிராமலே, “அடுத்தது” என்றார்.

முப்பத்தெட்டையும் முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பதினொரு இடத்தில் அவளைத் திருத்தினார். அதில் ஒன்பது சரியான திருத்தம். இந்த மனிதருக்கு மெடிசின் இவ்வளவு தெரியும் என்பது அவளுக்கு மூன்றாம் வருடக் கடைசியில்தான் தெரிந்தது. பெயர்ப்பலகை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அசெஸ்ஸர் வந்தார். டாக்டர் வேதசிரோமணி, ரிட்டையர்டு பேராசிரியர், ஒல்லியான மனிதர். மாலை, சால்வை, முந்திரி எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. யூனிட்டின் மற்ற போர்ட்ஃபோலியோக்கள் செங்கல் செங்கலாக அடுக்கியிருக்க, ஜெரூஷாவுடையதுதான் சப்பாத்தி மாதிரி கிடந்தது. அதைத்தான் முதலில் எடுத்தார்.

“ஏன் இவ்வளவு மெலிசு?”

“மீதி எனக்கு ஞாபகம் இல்லை சார். ஞாபகம் இல்லாததை எழுதலை.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். இருபத்தேழில் நின்றார். இரண்டு முறை படித்தார். பிறகு சத்யநாராயணன் பக்கம் திரும்பினார். “கிண்டியில இந்த கேஸைப் பத்திப் பேசினது நீங்கதானே? நான் மூணாவது வரிசையில இருந்தேன்.”

சத்யநாராயணன் டையைத் தளர்த்திக்கொண்டார். “ஆமா சார். அந்த ஸ்லைடுல சிஸ்டர் பேரைப் போடணும். இனிமே போடுவேன்.”

“போடுங்க” என்றார் வேதசிரோமணி. ஜெரூஷாவிடம், “விதி நாற்பது கேட்குது. உங்ககிட்ட முப்பத்தெட்டு. விதியை நான் தளர்த்த முடியாது. திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ் திறந்திருக்கும். புது கேஸா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு எழுதிக் கொடுத்துடுங்க” என்றார்.

சனிக்கிழமை மறைமலை நகரிலிருந்து ஒரு பெண் வாந்தியோடு வந்தாள். அது முப்பத்தொன்பது. நாற்பதுதான் இழுத்தடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நினைவில்லாமல் கிடந்த ஒரு முதியவருக்கு மருந்து ஏற்றக் கழுத்து நரம்பில் குழாய் செருகி, பெரிய லைன் போட வேண்டியிருந்தது. ஜெரூஷா முயன்றாள், நரம்பு கிடைக்கவில்லை. ஊசியின் கோணத்தை மாற்றிப் பார்த்தாள், அப்போதும் கிடைக்கவில்லை. சத்யநாராயணன் (ஞாயிற்றுக்கிழமையில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததே செய்தி) கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, “தோள்பட்டைக்குக் கீழே ஒரு துண்டை வை, கழுத்து தானா வரும்” என்று காட்டிக்கொடுத்து, அவரே போட்டார். அவள் அதை அப்படியே எழுதினாள்.

திங்கட்கிழமை நாலே காலுக்கு ஆபீஸ் கிளார்க் பக்கங்களை எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். நாற்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

“மேடம், இதுல ‘இரண்டு முறை தவறியது’ன்னு போட்டிருக்கீங்க. இதுவரைக்கும் யாரும் இப்படிப் போட்டதில்லை. செல்லுமா?”

“நாற்பதுன்னுதான் சார் கேட்டாங்க. தவறாத நாற்பதுன்னு கேட்கலையே.”

கிளார்க் தன் பொறுப்பில் எதையும் செய்யாதவர். அசெஸ்ஸருக்கே போன் போட்டார். எழுந்து நின்று பேசினார். “ஆமா சார்... ஆமா, தவறியதுன்னே இருக்கு சார்... சீஃப் கையெழுத்து இருக்கு சார்... சரிங்க சார்.” போனை வைத்துவிட்டு ‘தகுதி உண்டு’ முத்திரையை எடுத்துக் குத்தினார். மை காய்ந்திருந்ததால் பாதிதான் விழுந்தது. ஊதி, மையில் அழுத்தி, அதன் மேலேயே இன்னொரு முறை குத்தினார். இந்தத் தடவை தெளிவாக விழுந்தது.

“ஹால் டிக்கெட் பத்து நாள்ல மெயில்ல வரும் மேடம்.”

ஜெரூஷா ரசீதை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஐந்து மணிக்கு ரவுண்ட்ஸ். அந்த முதியவர் கண் விழித்துவிட்டதாகச் சிஸ்டர் போனில் சொல்லியிருந்தார். நாளைக்கு லைனை எடுத்துவிடலாமா என்று பார்க்க வேண்டும்.